மாடிக்கு வழி

ஆவணம் ஏழு:
பினாங்கில் அடித்த கல்லச்சுத் தாள், மூன்றடி உயரம்.
சிவப்பு மட்டும் ஒரு நூல் விலகி விழுந்திருக்கிறது.
லோட்டஸ் தியேட்டரின் கூரை
தன் சுவரை விட்டு இறங்கிப் போகப் பார்க்கிறது.
திறப்பு விழா, ஐம்பத்தொன்று.
நான்கு எழுத்தில் பெயர்; தமிழில் மட்டும்
கொம்பு உதிர்ந்து ‘தியட்டர்’.
வாசலில் ஆறு கார்.
அன்றைக்குத் தாப்பா முழுக்கத் தேடினாலும்
ஆறு கார் இருந்திருக்குமா,
யாரும் கேட்கவில்லை.

கேட்டது மாடியைப் பற்றி.

சாலை அகலமாகிறது. நிலத்தை அரசு எடுக்கிறது.
மாடி இருந்திருந்தால் ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை.
கட்டடம் எரிந்து பத்து வருஷம்,
வரைபடமும் அதோடு போயிற்று.
தவுக்கே மகன் தாளைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார்:
இதோ கைப்பிடிச் சுவர்,
இதோ விசிறியோடு ஒரு பெண்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
என் நாற்காலிக்கு இரண்டு வாய்,
இரண்டும் இரவல்.

சாட்சி திருமேனி, வயது நாற்பத்தெட்டு.
காலையில் மரஞ்சீவி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டு வந்திருக்கிறார்.
விரலிடுக்கில் காய்ந்த கித்தாப் பாலை
உரித்தபடி நிற்கிறார்.
இளவட்டத்தில் ஹாலைக் கூட்டியவர்.

“மாடி இருந்ததா?”
“படத்துல இருந்துச்சுங்க.”
“ஹாலில்?”
“ஹாலு வெறும் தகரம். மழை பேஞ்சா வசனம் கேக்காது,
வாயசைக்கிறதப் பாத்து நாங்களே பேசிக்குவோம்.”
“அப்படியானால் இந்த மாடி?”
“அது சும்மா, ஐயா.”

அதிகாரி என் பக்கம் திரும்புகிறார்.

சும்மா.
‘சாஜா-சாஜா’ என்றால் விளையாட்டுக்கு.
‘கொசொங்’ என்றால் காலி.
‘பெர்ச்சுமா’ என்றால் ஓசி, அல்லது வீண்.
இந்த அறையில் ஒவ்வொன்றும் பல்லாயிரம் வெள்ளி.
சும்மா வந்தேன் என்கிறோம், சும்மா இரு என்கிறோம்,
சும்மாவா கொடுப்பான் என்று சிரிக்கிறோம்.
நான் தொண்டையைச் செருமினேன்.

அவர் காத்திருக்கவில்லை.
“லயத்துல கொண்டாந்து ஒட்டுன அன்னைக்கே
பொம்பளைங்க கேட்டாங்க, ஏணி எந்தப் பக்கம்னு.
பூங்காவனம்னு ஒருத்தி.
நாப்பது காசுப் பலகைக்கு டிக்கெட் எடுத்துட்டு
சுவத்தத் தடவிக்கிட்டே போனா, படி தேடி.
எடவேளை வரைக்கும் தேடுனா.”

“கிடைத்ததா?”
கேட்டது அதிகாரி இல்லை. நான்.
பதிவேட்டில் அது இருக்காது.

“எங்க கெடைக்கும்?
வெளிய வந்து போஸ்டருக்கு முன்ன நின்னா.
விசிறியோட நிக்கிறது நாந்தான்,
பாத்துக்கங்கன்னா.
அப்புறம் ஒவ்வொரு சம்பளத்துக்கும் அதே பேச்சு.
முன்பலகையில கழுத்து வலிக்க அண்ணாந்துக்கிட்டு,
நான் மேலதான் இருக்கேன்ம்பா.
போன மாசி வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா,
படுத்த படுக்கையா.”

மின்விசிறி சுற்றியது.
அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார்.
அத்தனைக்கும் சேர்த்து நான் சொன்னது
‘தியாடா’.
இல்லை.

ஒரு தளத்துக்குத்தான் நஷ்டஈடு என்று முடிந்தது.
தீர்ப்பில் பிழையில்லை.

போகும்போது திருமேனி கதவோரம் நின்று கேட்டார்:
“அந்தத் தாள என்ன செய்வீங்க?”
கோப்பில் இருக்கும், ஈப்போவுக்குப் போகும் என்றேன்.
தலையாட்டிவிட்டு
சைக்கிள் பூட்டைத் திறக்கப் போய்விட்டார்.

நூல் கட்டுவதற்கு முன் ஒருமுறை விரித்தேன்.
மாடியில் அவள். கட்டைவிரல் நகத்தளவு.
கண் இல்லை, மூக்குக்கு ஒரு கோடு.
உதட்டுச் சிவப்பு முகத்துக்கு வெளியே,
ஒரு நூல் தள்ளி,
பக்கத்தில் யாரோ நிற்பதுபோல்
காற்றில் பேசிக்கொண்டிருந்தது.